லயத்தில் சத்தம் நின்ற மாதம்

1. ஒரு சட்டிக் கடலை

மாலை வகுப்பு தொடங்கி மூன்றாவது வாரத் திங்கட்கிழமை ஏழு பிள்ளைகள்தான் வந்தார்கள். முந்தின வெள்ளிக்கிழமை இருபத்துநான்கு பேர் இருந்தார்கள். சிற்றுண்டி சமைக்கும் புஷ்பம் அக்கா பெரிய சட்டி நிறையக் கடலை அவித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சரு, இத யாரு திங்கிறது?"

எனக்கும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். அடுத்த வாரம் பிரதேச செயலகத்திலிருந்து மேற்பார்வை உத்தியோகத்தர் வருவார். இருபது பிள்ளைகளுக்குக் குறைந்தால் வகுப்பை வேறு தேயிலைத் தோட்டத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதை அவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

இப்போது மாலை வகுப்புகளுக்குப் புதிதாகப் பொறுப்பெடுத்திருக்கும் தங்கைகள் சிலர், "முதல்ல எப்படி அக்கா சமாளிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். சமாளிக்கவில்லை என்பதுதான் உண்மை. நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கென்று அரசாங்கம் பணம் ஒதுக்கிய திட்டம் இது. பெற்றோர் மலையில் கொழுந்தெடுக்கும் நேரத்தில், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளைப் முன்பு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக் காம்பராவில் வைத்து வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்போம், சாப்பிடக் கொடுப்போம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெற்றோருக்குப் பிறப்புச் சான்றிதழ், உதவிப்பண விண்ணப்பம் போன்றவற்றையும் எழுதிக்கொடுப்போம். வகுப்பு போனால் இவையெல்லாம் சேர்ந்து போகும்.

2. என் கணிப்புகள்

அன்று முழுக்க நான் என்னையே விசாரித்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளையும் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டுதான் போவேன். அவளுக்குத் தடிமன் இருந்தது. அது மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று பயந்தார்களோ? தினேஷைப் பெருக்கல் வாய்ப்பாட்டுக்காக நிற்க வைத்தேனே, அதுவோ? கடலை அலுத்துப்போனதோ?

மகளுக்கு இரண்டு சட்டை அதிகமாகப் போட்டேன். தினேஷைக் கண்டால் சிரிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்; அவன் வந்தால்தானே. செவ்வாய்க்கிழமை கடலைக்குப் பதிலாகப் பயறு அவித்தோம், தேங்காய்ப்பூ கூடப் போட்டு. ஆறு பேர் வந்தார்கள்.

வகுப்பில் குறை என்று எனக்கு எதுவுமே படவில்லை. வேலைக்கு முன் தந்த பயிற்சியில் சொன்னபடி பிள்ளைகளைக் கண்ணால் வாசிக்கப் பழக்கியிருந்தேன். உதடு அசையக்கூடாது. காம்பரா நூலகம் போல இருக்கும். ஐந்து மணிக்குள் வீட்டுப்பாடம் முடிந்து கொப்பிகள் பைக்குள் போய்விடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

3. செல்வராணி அக்கா சொன்னது

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்குப் போனேன். தினேஷின் அம்மா செல்வராணி அக்கா மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டும் படங்குத் துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்த லயத்தில் அவர் ஒன்று செய்தால் மற்றவர்களும் செய்வார்கள்.

"அக்கா, தினேஷை ஏன் அனுப்புறதில்ல? நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா?"

"நீங்க பேசுனாத்தானே டீச்சரு. அங்க யாருமே வாயத் தொறக்குறதில்லயாம்."

"அமைதியாப் படிக்கிறாங்க அக்கா. அதான் நல்லது."

"என்னா நல்லது? முந்தியெல்லாம் பொழுது எறங்குனா இந்த லயத்துல காது குடுக்க ஏலாது. ஆளாளுக்குக் கத்திப் படிப்பாங்க. நான் ரொட்டி தட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பேன். இப்ப வந்ததும் பைய வீசிட்டுப் பந்தடிக்கப் போறான். கேட்டா, முடிச்சிட்டேங்கிறான். மேல் லயத்துல டியூசனுக்குப் போற புள்ளைங்க தொண்ட கிழியப் படிக்குதுங்க. நம்ம லயம் எழவு வூடு மாதிரிக் கெடக்கு."

"அவன் முடிச்சது உண்மைதான். கொப்பியப் பாருங்க, நான் சரி போட்டிருக்கேன்."

"கொப்பிய நீங்க பாத்துட்டீங்க. நான் எதப் பாக்குறது? அஞ்சாம் வகுப்போட நின்னவ நான். அவன் போட்ட கணக்கு சரியா பெழையான்னு எனக்கு வெளங்காது. வாசிச்சா எங்க சிக்குறான்னு வெளங்கும். சிக்குன எடத்துல, திரும்ப வாசிடான்னு சொல்லுவேன். அதத்தான் நீங்க நிப்பாட்டிப்புட்டீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். வழி நெடுக, பயிற்சியில் சொன்னது சரியா, இவர் சொல்வது சரியா என்று மாறி மாறி யோசித்தேன். வீடு வந்து சேர்ந்தபோது இரண்டுமே சரியாகத்தான் இருந்தன.

4. ஒரே ஆடு, மூன்று வீடு

வகுப்பில் கண்ணால் வாசிக்கட்டும், வீட்டில் வாய்விட்டு வாசிக்க ஏதாவது கொடுப்போம் என்று முடிவு செய்தேன். பாடப் புத்தகத்தை மறுபடி வாசிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கும். தோட்டத்தில் காணாமல் போன ஓர் ஆட்டைத் தேடுகிற கதையை நானே எழுதி, துண்டு துண்டாகப் பிரித்தேன். ஆளுக்கொரு துண்டை வகுப்பில் பார்த்து எழுத வேண்டும், வீட்டில் சத்தமாக வாசிக்க வேண்டும். வந்திருந்த ஆறு பேருக்கும் கைக்கு வந்தபடி கொடுத்தேன்.

மறுநாள் புஷ்பம் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். அவருடைய மகளும் வகுப்புக்கு வருகிறவள்.

"என்னா டீச்சரு இது? எங்க வூட்டுல ஆடு கெடைச்சுக் கட்டியாச்சு. அடுத்த வூட்டுல இப்பத்தான் தேடக் கெளம்புறாங்க. கடைசி வூட்டுல ஆடு குட்டி போட்டுருச்சு. லயமே கொழம்பிப் போயிருக்கு."

லயத்து வீடுகளுக்கு இடையில் உள்ள சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் வாசித்தால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். அது எனக்குத் தெரியாததல்ல. நானும் அப்படி ஒரு லயத்தில் வளர்ந்தவள்தான். ஆனாலும் தோன்றவில்லை. அன்றிலிருந்து லயத்தின் மேல் முனை வீட்டில் கதை தொடங்கி, ஒரு பிள்ளை முடித்ததும் அடுத்த வீட்டுப் பிள்ளை தொடரும்படி வரிசையாகக் கொடுத்தேன்.

இரண்டு வகுப்பு நாள் போயிருக்கும். செல்வராணி அக்கா கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு நேராக வகுப்புக்கு வந்தார். பின்னால் தினேஷ்.

"கதை எங்க வூட்டத் தாண்டிக் குதிச்சுப் போகுது டீச்சரு. நாங்க என்னா பாவம் செஞ்சோம்?"

"நீங்கதானே அக்கா அனுப்பல."

"இப்ப அனுப்பிட்டேனே. இவனுக்கும் ஒரு துண்டு குடுங்க. நல்ல துண்டாப் பாத்துக் குடுங்க. புஷ்பம் வூட்டுக்கு வந்தது வெறும் மழ பெய்யிற துண்டு."

"எங்க மழையில்லாமத்தான் உங்க ஆடு மேயுமா?" என்று உள்ளேயிருந்து புஷ்பம் அக்கா கேட்டார்.

பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. இத்தனை வீட்டுக்குக் கதை காணாது. ஆட்டை ஹட்டன் பஸ்ஸில் ஏற்றினேன். நுவரெலியாச் சந்தையில் கரட் தின்னவிட்டேன். ஓர் ஆடு இவ்வளவு தூரம் போகலாமா என்று சந்தேகம் வந்தது. யாரும் கேட்கவில்லை.

5. சேர் வந்த நாள்

உத்தியோகத்தர் சேர் வந்தபோது இருபத்துமூன்று பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலிலேயே நின்றார்.

"என்ன மிஸ், ஒரு சத்தத்தையும் காணோம்? நான் வாறேன்னு பயமுறுத்தி வச்சிருக்கீங்களா?"

எண்ணிக்கை சரி, ஆனால் அவருக்குக் காட்டுவதற்காகக் கூட்டிவந்து உட்கார வைத்ததாக நினைத்துவிட்டால்? புஷ்பம் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சத்தம் கேக்கணும்னா சேரு லயத்துக்கு வரணும். ஆறு மணிக்கு மேலதான் எங்க கட தொறக்கும்."

அவர் ஐந்தரை பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார். மெல்லிய மழை. குடையோடு லயத்து வாசலில் நின்றோம். மேல் முனை வீட்டில் ஒரு சிறுமி தொடங்கினாள். அவள் நிறுத்த, அடுத்த வீடு. பிறகு தினேஷ். 'நெரிசல்' என்ற சொல்லில் சிக்கினான்.

"திரும்ப வாசிடா," என்று உள்ளேயிருந்து செல்வராணி அக்கா குரல் கொடுத்தார்.

அவன் திரும்ப வாசித்தான். கீழ் முனையிலிருந்து ஓர் ஆணின் குரல்: "யக்கோவ், தாளிக்கிறதக் கொஞ்சம் நிப்பாட்டு. ஆடு எந்த பஸ்ல ஏறுச்சுன்னே கேக்கல."

சேர் குடைக்குள் தலையைக் குனிந்து சிரித்தார். கடைசி வீடு முடியும் வரை நின்று கேட்டார். புறப்படும்போது, "வகுப்பு இங்கயே இருக்கட்டும் மிஸ். அடுத்த மாசம் நாலரைக்கு வரமாட்டேன், ஆறரைக்குத்தான் வருவேன்," என்றார்.

தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கண்ணால் வாசிப்பது நல்ல பழக்கம். இன்றும் வகுப்பில் அதைத்தான் பழக்குகிறேன். ஆனால் நாள் முழுக்க மலையில் நிற்கிற ஒரு தாய், தன் பிள்ளை படிக்கிறதைத் தெரிந்துகொள்ள ஏதோ ஒரு வழி வைத்திருப்பார். நாம் கொண்டுபோகும் உதவி அந்த வழியை அடைத்துவிடக்கூடாது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு மாலை லயத்துக்குப் போய் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேத்தண்ணி தருவார்கள். குடித்துவிட்டே வாருங்கள், பாதியில் எழுந்து வந்தால் அடுத்த நாள் பிள்ளையிடம் குறை சொல்லியனுப்புவார்கள்.