நாற்பத்தொரு கறுப்புக் குடைகள்

"நாலு மணிக்கு லாரி வருதுக்கா. இன்னாரோடதுன்னு நீங்க பட்டியல் கொடுக்கிறதை மட்டும் வெச்சுக்கலாம். மிச்சமெல்லாம் குப்பைக்குத்தான்," என்று மேலாளர் கையை விரித்துவிட்டுப் போனதும் அக்கா கணினி முன் உட்கார்ந்தாள்.

பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் அறை அவள் பொறுப்பு. அறுநூற்றுச் சொச்சம் பொருள்கள். ஒவ்வொன்றையும் துடைத்து, எண் எழுதிய சீட்டைக் கட்டி, அலமாரியில் ஏற்றியவள் அவள்தான். ஒற்றைக் கையுறையைத் தேடிக்கூட ஆள் வரும் என்று நம்புகிறவள்.

கணினியில் இரண்டு கோப்புகள். ஒன்றில் கிடைத்த பொருள்கள், மற்றதில் தொலைத்தவர்களின் புகார்கள். கையால் ஒப்பிட்டால் ஒரு மாதம் பிடிக்கும். ஆனால் மூன்று வாரமாக மாலை வகுப்பில் பைத்தான் என்ற கணினி மொழி படிக்கிறாளே! இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருப்பதை 'செட்' ஒரே வரியில் எடுத்துக் கொடுக்கும் என்று போன வாரம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த வரியைத் தட்டினாள். வந்தது பதினேழே வரி.

இருபத்தேழாம் தடத்தில் பேருந்து ஓட்டும் அவள் கணவர், சாப்பாட்டு டப்பாவோடு எட்டிப் பார்த்தார்.

"என்னடி, கம்ப்யூட்டருக்கே பாடம் எடுத்து முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சுங்க. பதினேழுதான் தேறுச்சு."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். "இதுல கறுப்புக் குடை ஒண்ணுன்னு இருக்கு. அங்க நாற்பத்தொண்ணு தொங்குது. மிச்ச நாற்பதையும் உன் தம்பிக்குக் கொடுத்துட்டியா?"

அது பழைய சண்டை. இரண்டு வருஷத்துக்கு முன் காணாமல் போன தன் குடையை அவள் தம்பிக்குத் தானம் பண்ணிவிட்டாள் என்பது அவர் கட்சி. வீம்புக்கு அவளிடமே எழுத்தில் புகாரும் கொடுத்திருந்தார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரே பெயர் எத்தனை முறை வந்தாலும் செட் ஒன்றைத்தானே வைத்துக்கொள்ளும்! வெறும் பெயரைப் போட்டால் நாற்பத்தொரு குடையும் ஒரே குடைதான்.

"ஏங்க, நீங்க பேசுறதுலகூட எப்பவாவது பிரயோஜனம் இருக்கு."

டப்பாவைத் தள்ளி வைத்தாள். இந்த முறை 'செட்'டுக்குப் பதில் 'டிக்ஷனரி'. பொருள், தடம், தேதி மூன்றையும் சேர்த்து ஒரு சாவி. அந்தச் சாவிக்கு எதிரே சீட்டு எண்களின் பட்டியல். ஒரே நாளில் ஒரே தடத்தில் இரண்டு குடை கிடைத்தாலும் இரண்டும் நிற்கும். பிறகு ஒவ்வொரு புகாருக்கும் அதே சாவியைப் போட்டுத் தேடச் சொன்னாள்.

திரை கடகடவென்று ஓடி நின்றது. எண்பத்தெட்டு வரி! குடை மட்டும் இருபத்தொன்பது. அவள் போட்ட கூச்சலில் டிக்கெட் வரிசையே திரும்பிப் பார்த்தது. மேலாளர் ஓடி வந்தார். அச்சடித்த தாளை வாங்கிப் புரட்டி, "எண்பத்தெட்டா? சரிக்கா, இது எதுவும் லாரி ஏறாது," என்று கையெழுத்துப் போட்டார்.

அவள் தாளைக் கணவரிடம் நீட்டினாள். "ஏங்க, நாற்பதாவது வரியைப் படிங்க, சத்தமா."

"கறுப்புக் குடை, தடம் இருபத்தேழு, புகார் கொடுத்தவர்..." அவர் நிறுத்திவிட்டார்.

"படிங்களேன்! யாராம்?"

"சீட்டு கட்டினது நீதானே? வீட்டுக் குடை உனக்கே அடையாளம் தெரியலையா?"

"நாற்பத்தொண்ணும் ஒரே மாதிரி இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? இன்னிக்கே என் தம்பிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேக்குறீங்க."

வெளியே ஒரு பொட்டு மழை இல்லை. அவர் தன் குடையை அலமாரியிலிருந்து எடுத்து, விரித்துப் பிடித்துக்கொண்டே, மாப்பிள்ளை மாதிரி, தன் பேருந்து வரைக்கும் நடந்து போனார். அக்கா சிரித்துக்கொண்டே பட்டியலில் முதலில் இருந்தவரின் எண்ணுக்குப் போன் போட்டாள்.