கடவையில் நிற்கும் முரளிதரன்

காலை எட்டு மணிக்குப் பாடசாலை முன் பாதசாரிக் கடவையில் முரளிதரன் கையைத் தூக்கினால் சிட்னியின் ஹோம்புஷ் பக்கத்து லொறி, பஸ், பென்ஸ் கார் எல்லாம் பெட்டிப்பாம்பாய் அடங்கும். பிரதமரே வந்தாலும் பிள்ளைகள் கடந்த பிறகுதான் போகலாம். கையில் ‘ஸ்டொப்’ பலகை, வாயில் விசில், இரண்டு விசிலுக்கு நடுவே ஓயாத பேச்சு. “டேய் லக்சன், சப்பாத்து நூலைக் கட்டடா! றோட்டுக் கூட்ட கவுன்சில் ஆள் வைச்சிருக்கு!”

இந்த அரசாங்க ஆரம்பப் பாடசாலையின் சரித்திரம் அதிபரைவிட அவருக்குத்தான் தெரியும். பதினெட்டு வருடத்துக்கு முன் அவர் வேலைக்கு வந்தபோது பிள்ளைகளைவிடப் புறாக்கள் அதிகம். மூடப் போகிறார்கள் என்றும் கதை. பிறகு, பரீட்சை வைத்துப் பொறுக்கிய கெட்டிக்காரருக்கென்று ஐந்தாம் ஆறாம் வகுப்புகள் தொடங்கினார்கள். அவ்வளவுதான். இப்போது பரமற்றா, லிவர்பூல் என்று தூரத்துப் புறநகர்களிலிருந்தும் ரயில் நிரம்ப வருகிறார்கள். ஒவ்வொரு பையும் யானைக்குட்டிப் பாரம். “உள்ளுக்கை ஒரு ரீச்சரையும் வைச்சுக் காவிக்கொண்டு வாறாங்கள் போல” என்பார்.

பிள்ளைகள் அந்தப் பரீட்சை எழுதுவதைத் தமிழ்ப் பெற்றோர் களவெடுத்த நகைபோல ஒளிப்பார்கள். நாவூறு பட்டுவிடுமாம். ஆனால் பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் எல்லோரும் அர்ச்சனைத் தட்டோடு முட்டிக்கொள்வார்கள்.

“என்ன வினுஷா, ஏதும் விசேஷமோ?”

“இல்லை அண்ணை, சும்மா வந்தனாங்கள்.”

“ஓம் ஓம், நானும் சும்மாதான்.”

போன வருடம் முரளிதரனின் தட்டில் இருந்த துண்டில் மகள் தாரிணியின் பெயரும் நட்சத்திரமும்.

முடிவு ஈமெயிலில் வந்தது. தாரிணிக்கு இடம் கிடைத்திருந்தது, இதே பாடசாலையில். முரளிதரன் குசினியில் துள்ளிய துள்ளலுக்குக் கீழ்வீட்டுக்காரர் பூமி நடுங்குது என்று உடுத்த துணியோடு ஓடியிருப்பார். தாரிணி மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“அப்பா, நீங்கள் அங்கதான் நிப்பீங்களா?”

“பின்னை? நானே உனக்கு எல்லாக் காரையும் மறிச்சு விடுவன்!”

“எல்லாருக்கும் முன்னால கத்துவீங்கள். தே வில் லாஃப். நீங்கள் நிண்டா நான் போகேல்லை.”

இடத்தை ஏற்பதாகப் பதில் அனுப்ப இரண்டு கிழமை அவகாசம் இருந்தது. முரளிதரன் வேறு கடவைக்கு மாற்றம் கேட்டுப் பார்த்தார். இப்போதைக்கு இடமில்லை என்றார்கள். கடைசி நாள் பின்னேரம் மகளுக்கு முன்னால் போய் இருந்தார்.

“சரி பிள்ளை. எனக்கு உன்னைத் தெரியாது. முருகனாணை, விசிலைத் தவிர ஒரு சத்தமும் வராது.”

“ப்ரொமிஸ்?”

“ப்ரொமிஸ்.”

தாரிணி தலையாட்டினாள். அவள் மனம் மாறுமுன் தாய் சிவாஜினி ஈமெயிலில் ‘சம்மதம்’ என்ற இடத்தை அமத்திவிட்டாள்.

பெப்ரவரியில் முதல் நாள். தாரிணி புதுத் தொப்பியோடு, ரயிலில் பழக்கமான இரண்டு பிள்ளைகளுடன் வந்து கடவைக் கோட்டில் நின்றாள். முரளிதரன் நடு றோட்டுக்குப் போய்ப் பலகையைத் தூக்கினார். விசிலைப் பல்லால் இறுக்கிக்கொண்டு, எதிரே நின்ற பால் லொறியையே பார்த்தார். மூவரும் அவரைத் தாண்டி நடைபாதையில் ஏறினார்கள். றோட்டைக் கடக்க வேறு ஒரு குஞ்சுகூட இல்லை. லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். பின்னால் இன்னொருவனும் அடித்தான். முரளிதரன் மெதுவாகத் தலையைத் திருப்பினார். அந்தத் தொப்பி பாடசாலைப் படலைக்குள் போய், மூலை திரும்பி மறையும்வரை பலகையை இறக்கவில்லை.