அத்தான் வேலை பார்த்த விமான நிலையம்

எங்கள் லிப்ட் கம்பெனியில் அவருக்கு ‘ரன்வே’ என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். இருபத்திரண்டு வருஷம் லிப்ட் மெக்கானிக். ஏதாவது உயரமான கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருப்போம். வெளியே விமானச் சத்தம் கேட்டால் போதும், கையிலிருந்த ஸ்பேனரை என் மடியில் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடிவிடுவார். திரும்பி வந்து, “ரெட்டை இன்ஜின். பாதி காலியாப் போகுது, ஏறுற வேகத்தைப் பாத்தாலே தெரியுது” என்பார். சரியா தப்பா என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே அவர் சொன்னதுதான் சரி.

விமானத்தில் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறார். நடு சீட். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் ஏறியதும் திரையை இறக்கிவிட்டுத் தூங்கிவிட்டாராம். அந்த வயிற்றெரிச்சலை வீட்டுக் கம்ப்யூட்டரில் தீர்த்துக்கொண்டார். செயற்கைக்கோள் படங்களில் உலகத்து விமான நிலையங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பார். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அளவுக் கோட்டை இழுத்து, வாலின் நிழலையும் பார்த்து, இன்ன விமானம் என்று சொல்லிவிடுவார். பறக்கும்போதே படத்தில் சிக்கிக்கொண்ட விமானங்களைச் சேர்த்து வைப்பதில்தான் அவருக்கு உயிர். அவற்றை ஒட்டி சிவப்பும் பச்சையும் நீலமுமாக மங்கலான பிம்பங்கள் தெரியும். “கேமரா ஒவ்வொரு கலரையும் தனித்தனியா எடுக்குது. அதுக்குள்ள இவன் நகர்ந்துடறான்” என்று குழந்தை சேட்டையைச் சொல்வதுபோலச் சொல்வார். அப்படி முந்நூறுக்கு மேல் வைத்திருந்தார். அவர் மனைவி என்னிடம் ஒருமுறை சொன்னார்: “உலகமெல்லாம் தெரியுது இவருக்கு. சமையலறை பல்பு போய் ஒரு மாசமாச்சு, அது மட்டும் கண்ணுல படல.”

இந்த வியாதி அவருக்கு ஒட்டியது தன் அக்காவின் கணவரிடமிருந்து. அத்தான் தொலைதூரத்து ஊர் ஒன்றில், சின்ன விமான நிலையத்தின் பணிமனையில் மெக்கானிக். வருஷத்துக்கு ஒரு மாதம் வீட்டுக்கு வருவார். வந்தால் இன்ஜின் கதைதான். ரன்வே வாயைத் திறந்துகொண்டு கேட்பார். கேட்டுவிட்டு மறுநாள் எங்களிடம் அதையே தன் கதைபோல அவிழ்த்துவிடுவார்.

அத்தானின் நிலையம் மட்டும் படத்தில் பல வருஷமாக மங்கலாகவே இருந்தது. ஒரு சனிக்கிழமை அங்கே தெளிவான புதுப் படம் வந்திருந்தது. கூடவே இடைப்பட்ட வருஷங்களின் படங்களும். ஆசை ஆசையாகத் திறந்தார். ஓடுபாதையின் இரண்டு முனையிலும் பெரிய வெள்ளைப் பெருக்கல் குறி. நடுவே வரிசை வரிசையாகக் கார்கள். பணிமனைக்குக் கூரை இல்லை, இரும்பு விலா எலும்புகள் மட்டும் நின்றன. முந்தைய வருஷத்தைப் பார்த்தார். அதற்கும் முந்தையதைப் பார்த்தார். மூன்று வருஷமாக அப்படித்தான்.

திங்கட்கிழமை என்னிடம் சொன்னார். “யாருகிட்டயும் வாயத் திறக்காதீங்க” என்றேன்.

“சேச்சே, நான் ஏன் சொல்றேன்?” என்றார்.

இரண்டு மாதம் கழித்து அத்தான் லீவில் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ரன்வேக்கும் மனைவிக்கும் அக்கா வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தாள்.

“கிளம்புறதுக்கு முந்தின வாரம் நாலு இன்ஜின் சரக்கு விமானம் ஒண்ணு வந்து நின்னுச்சு” என்று அத்தான் ஆரம்பித்தார். “ஒரு இன்ஜினை முழுசா இறக்கி ஏத்தினோம்.”

மகள் கேட்டாள்: “மாமா, உங்க படத்துல அது தெரியுமா?”

அத்தான் சிரித்துவிட்டார். “உங்க மாமா படத்தைப் பாத்தே பைலட் ஆனவரு. நான் தொட்டுப் பாத்தவன். மச்சான், லிப்ட் கதவத் திறந்து மூடுறவங்களுக்கு இதெல்லாம் புரியாது, விடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ரன்வேயின் மனைவியும் சிரித்தார். அதுதான் தனக்குச் சுருக்கென்று தைத்தது என்று ரன்வே பின்னால் என்னிடம் சொன்னார். மேசைமேல் அக்கா மகளின் லேப்டாப் இருந்தது. எடுத்து மடியில் வைத்து அந்த ஊரைத் திறந்தார்.

“பாருங்க அத்தான், உங்க ஆபீஸ்” என்று அவர் பக்கம் திருப்பினார். எங்களுக்கு விளக்குவாரே, அதே குரல். “ரன்வேயில இப்படிக் குறி போட்டா, மூடியாச்சு, இறங்காதேன்னு அர்த்தம். மூணு வருஷமா இருக்கு. இந்தக் கோடெல்லாம் விக்காம நிக்கிற புதுக் கார். பணிமனைக்குக் கூரையே இல்ல. இன்ஜினை எங்க வெச்சு இறக்கினீங்க?”

அத்தான் கத்துவார் என்று எதிர்பார்த்தாராம். அவர் கத்தவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தன் ஊரை முதன்முதலாகப் பார்ப்பவர்போலக் குனிந்து பார்த்தார்.

“கொஞ்சம் கீழ தள்ளுங்க” என்றார். “ஓரமா ஒரு வெள்ளைப் பெட்டி தெரியுதா? அதுதான் என் ரூம். இந்தக் காருக்கெல்லாம் நான்தான் வாட்ச்மேன்.”

மகள் எழுந்து லேப்டாப்பை மூடினாள்.

லீவு இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தது. மறுநாள் காலையிலேயே அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று சாயங்காலம் அக்கா, ரன்வேயின் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?” என்றார். “அவர் கொண்டு வர்ற சட்டையில கிரீஸ் கறை நின்னு மூணு வருஷமாச்சு. துவைக்கிறவளுக்குத் தெரியாதா?”

“அப்ப ஏன்க்கா நீ எதுவும் கேக்கல?”

“எதுக்குக் கேக்கணும்? வருஷத்துல ஒரு மாசம் இந்த வீட்டுல அவர் மெக்கானிக்கா இருந்துட்டுப் போனார். அதுல உனக்கு என்னடா குறைஞ்சு போச்சு?”

அக்கா வீட்டுக் கதவு ரன்வேக்கு அன்றோடு அடைபட்டது. வாராவாரம் வந்த அத்தானின் போன், மாதம் ஒன்றாகி, அப்புறம் நின்றேபோனது. அக்கா மகள் அழைத்துப் பார்த்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

ரன்வே என்னிடம்கூடச் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு, இரண்டு நாள் ரயிலில் அந்த ஊருக்குப் போனார். வாழ்க்கையில் ஓர் ஓடுபாதையில் அவர் கால் வைத்தது அன்றுதான். வெடிப்புகளில் முழங்கால் உயரம் புல். பழைய டயர் தடங்கள் இன்னும் கறுப்பாக இருந்தன. அந்த வெள்ளைப் பெட்டியிலிருந்து வேறொரு காவலாளி இறங்கி வந்தான்.

“அவரா? போன மாசமே வேலைய விட்டுட்டாரே.”

“எங்க போறேன்னு சொன்னாரா?”

“வீட்டுக்குன்னு சொன்னாரு. பொண்ணைப் பத்தியே பேசிட்டிருந்தாரு. ஏன், வரலையா?”

ஊர் திரும்பியதும் நேராக அக்கா வீட்டுக்குப் போய் வாசலில் நின்றே விஷயத்தைச் சொன்னார். அக்கா அழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டார்.

“அந்த ரூம்ல ஃபேன் இருந்துச்சா?”

அவர் உள்ளே எட்டிப் பார்த்திருக்கவில்லை.