நாற்பத்தேழாம் நம்பர் கார்

இசைவாணி எங்கள் சிவகாசி அச்சகத்தில் பெட்டி ஒட்டும் பிரிவில் வேலை பார்த்தாள். நான் மாடியில் கம்ப்யூட்டரில் லேபிள் டிசைன் செய்கிறவன். கீழே இருப்பவர்களுக்கு என் முகமே சரியாகத் தெரியாது. ஒரு நாள் அவள் படியேறி வந்து, கையில் சுருட்டி வைத்திருந்த வேஸ்ட் ஷீட்டை என் மேஜையில் விரித்தாள்.

"அண்ணே, இந்தக் காரு நெசமாவே இம்புட்டு நீளம் இருக்குமா? இல்ல, நீங்க கம்ப்யூட்டர்ல இழுத்து விட்டுட்டீகளா?"

அமெரிக்காவுக்குப் போகிற காலண்டர் அது. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பந்தயக் கார்கள். கலர் விலகிப்போன ஷீட்டுகளை வேலைக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள், அலமாரித் தட்டில் விரிக்க. அவள் கொண்டுவந்தது மார்ச் மாதத்துக் கார். ஈட்டி மாதிரி நீண்ட உடம்பு. முன்னால் சைக்கிள் சக்கரம் போல ஒல்லியாக இரண்டு, பின்னால் இடுப்புயரத்துக்குப் பருமனாக இரண்டு. நேர்ச்சாலையில் நாலு நொடியில் ஓடி முடித்து, பாராசூட் விரித்து நிற்கிற வண்டி. நான் நெட்டில் தேடி வீடியோ காட்டினேன். அவள் மூன்று முறை பார்த்தாள். கிளம்பும்போது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் எத்தனை அடி என்று கேட்டாள். இருபத்தைந்து அடி என்று போட்டிருந்தது.

மறுநாள் அவளே கணக்குப் போட்டு வந்துவிட்டாள். இருபத்துநாலில் ஒரு பங்காகச் சின்னதாகச் செய்யப்போகிறாளாம். அப்படியென்றால் பன்னிரண்டரை அங்குலம்.

அதற்குப் பிறகு பதினாலு மாதம் அந்தக் காரைச் செய்தாள். கடையில் வாங்கியது பசையும் பெயிண்டும் பிளேடும்தான். மற்றதெல்லாம் அச்சகத்தில் குப்பைக்குப் போகிறவை. உடம்புக்குப் பெட்டி வெட்டிய மிச்ச அட்டை. உள்ளே இருக்கிற கம்பிச் சட்டத்துக்குக் காலண்டர் சுருள் கம்பியை நீவி நேராக்கினாள். இஞ்சின் பளபளப்புக்குக் கல்யாணப் பத்திரிகையில் ஒட்டுகிற வெள்ளி ஃபாயில். ஆஃப்செட் மெஷினில் தேய்ந்துபோன ரப்பர் விரிப்பை வட்டம் வட்டமாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து டயர் ஆக்கினாள். இஞ்சினின் இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளைந்த எட்டுப் புகைக்குழாய் வேண்டும். பால்பேனா ரீபிள்களை விளக்குச் சூட்டில் காட்டி வளைத்தாள். எட்டும் ஒரே வளைவில் வருவதற்கு எழுபது எண்பது ரீபிள் போயிருக்கும்.

கேலிக்குக் குறைவில்லை. "தாயில்பட்டிக்காரி பொம்மைக்காரு செய்யுதா, அதுல ஏறி மெட்ராஸ் போகப் போறாளாம்" என்று பக்கத்து மேஜைப் பெண்கள் சிரித்தார்கள். அவள் பாட்டுக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். வேலை நேரத்தில் ஒரு பெட்டி குறையாது, அதனால் சூப்பர்வைசரும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அவள் புருஷன் முத்துக்கருப்பன் ஆமத்தூர்க்காரர். பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டினார். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். வீட்டில், "அட்டையும் பசையுமா நாறுது" என்று முணுமுணுப்பார். வெளியே போனால் போனில் படம் காட்டி, "எம் பொண்டாட்டி செஞ்சது" என்று பெருமை பேசுவார்.

கார் முடியும் தறுவாயில் நம்பர் ஸ்டிக்கர் அடித்துத் தரச் சொல்லி வந்தாள்.

"என்ன நம்பர்?"

"நாப்பத்தேழு. இங்கன வேலைக்கு வந்து கையெழுத்துப் போடுற நோட்டுல அதான் என் நம்பர்."

நானே எழுத்துரு தேர்ந்தெடுத்து, சாய்த்து, நிழல் கொடுத்து அடித்துத் தந்தேன். தை மாதம் ஒரு மத்தியானம், டைரிகளை அடுக்கி அனுப்புகிற நீளப் பெட்டியில் காரை வைத்துக் கொண்டுவந்தாள். நான் இருபது வருஷமாகப் படத்தோடு புழங்குகிறவன். ஆனாலும் மேஜைமேல் அதை வைத்தபோது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். நிஜ வண்டியைத் தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. சக்கரம் உருண்டது. ஸ்டியரிங் திரும்பியது. குனிந்து உள்ளே பார்த்தால் ஓட்டுகிறவனுக்கு ஒரு சீட், அதில் பத்திரிகை ரிப்பனில் செய்த பெல்ட், கீழே நெல்மணி அளவில் இரண்டு பெடல்.

"இதெல்லாம் யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்றேன்.

"பாக்கறவுக பாப்பாக" என்றாள்.

அடுத்த மாதம் அவள் சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னாள். புருஷன் வேன் ஓட்டுகிற ஆலையின் முதலாளி ரத்தினசாமி போனில் படத்தைப் பார்த்துவிட்டு, காரைக் கேட்டிருக்கிறார். புருஷன் கொண்டுபோய்க் கொடுத்தாராம், ஆபீஸில் கண்ணாடி ஷோகேஸில் வைத்திருக்கிறார்களாம்.

"பேரு எழுதி வச்சிருக்காகளாம்ண்ணே. செய்தது இசைவாணின்னு."

"குடுக்க மனசு வந்துச்சா?"

"எங்க வீட்ல இருந்தா கரப்பான் தின்னும். அங்கன ஏசி ரூம்ல இருக்கும்லா."

போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஊர்க்கோயில் பங்குனிப் பொங்கல் முடியட்டும் என்றார் முத்துக்கருப்பன். முடிந்ததும், முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றார். பிறகு ஆபீஸுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றார். அவள் நம்பினாள். மேஜைப் பெண்களிடம்கூட, "ஷோகேஸ்ல இருக்கு, வேணும்னா போய்ப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும்.

ஆனி மாதம் அந்த ஆலையிலிருந்து அவசர ஆர்டர் வந்தது. குழந்தைகளுக்கான புது ஃபேன்சி ஐட்டம், கார் வடிவில் புஸ்வாணம். லேபிளுக்குப் படம் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்கள். திறந்தேன். திறந்த வெளியில் ஒரு சிமெண்ட் மேடை. அதன்மேல் நாற்பத்தேழாம் நம்பர் கார். எட்டுக் குழாயிலிருந்தும் பூப்பொறி சீறுகிறது. பின்பக்கம் அட்டையில் தீ பிடித்துவிட்டது. படத்தின் ஓரத்தில், கம்பி மத்தாப்போடு பின்வாங்குகிற ஒரு கை.

அது நான் அடித்த ஸ்டிக்கர். எனக்குத் தெரியாமல் இருக்குமா? அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும், அவர்களுக்காக இன்னொன்று செய்து கொடுத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஒரு மாடிக்குக் கீழேதான் இருந்தாள். பதினெட்டுப் படி. இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். சாயங்காலத்துக்குள் அச்சுப் பிளேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று எங்கள் முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். நான் ஓரத்துக் கையை வெட்டினேன். தீ போதாதென்று இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அச்சடித்து வெட்டிய பெட்டிகள் ஒட்டுகிற மேஜைக்குப் போயின.

அவள் மேலே வந்தபோது கையில் ஒட்டாத பெட்டி ஒன்று இருந்தது. விரலில் பசை காயவில்லை.

"அண்ணே, இது என் காருதான?"

"ஆமா."

"எரியுற மாதிரி நீங்க வரைஞ்சதா?"

நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அவள் நம்பியிருப்பாள். "கொஞ்சம் நான் சேத்தேன். மத்தது படத்துலயே இருந்துச்சு" என்றேன்.

"படம் இருக்கா?"

திறந்து காட்டினேன். அவள் எரிகிற காரை ரொம்ப நேரம் பார்க்கவில்லை. பார்வை ஓரத்துக்குப் போய்விட்டது. மணிக்கட்டில் செப்புக் காப்பு, காக்கிச் சட்டையின் மடித்த கை.

"இத எதுக்கு வெட்டுனீக?" என்று கேட்டாள்.

"லேபிளுக்கு வேண்டாம்னு..."

"எங்க வீட்டுக்காரரு கை" என்றாள். அந்தக் காப்பு இருக்கன்குடிக் கோயிலில் அவள் வாங்கிப் போட்டது.

அன்று வீட்டில் நடந்ததை மறுநாள் அவளே சொன்னாள். முத்துக்கருப்பன் முதலில் மறுத்தார். பிறகு, "மொதலாளி கேட்டாரு. டீலருக எல்லாரும் வந்திருந்தாக. கொண்டுவந்தவன் நீதான, நீயே வத்தி வையின்னாரு. அத்தன பேருக்கு முன்னால மாட்டேன்னு சொல்லச் சொல்லுதியா?" என்றாராம்.

"அப்போ சொல்ல முடியல, சரி. வீட்டுக்கு வந்து எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"நீ அழுவ."

"நாலு மாசமா ஷோகேஸ் ஷோகேஸுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே, அதப் பாத்துட்டுத்தான இருந்தீக?"



ஆலை முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றாள். நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். அது ஒன்றுதான் அப்போது என்னால் செய்ய முடிந்தது.

ரத்தினசாமி மரியாதையான மனிதர். நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சட்டை. எங்களை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"உங்க வீட்டுக்காரரு சம்மதிச்சுத்தானம்மா குடுத்தாரு. நான் பிடுங்கலையே. ஷோகேஸுன்னு நான் யாருகிட்டயும் சொல்லல. நான் விக்கிறது பட்டாசு. எங்கிட்ட வர்ற பொருளு எரியத்தான் செய்யும்."

"எரிஞ்ச மிச்சம் ஏதாவது இருக்காங்கய்யா? டயர், கம்பி?"

"அதெல்லாம் கழிவுக் குழியில போட்டு அன்னைக்கே அழிச்சிருப்பாங்க. அது ரூலு."

அவள் தலையாட்டினாள். பிறகு, "ஐயா, உள்ள ஒரு சீட்டு இருந்துச்சு. பெல்ட்டு, ரெண்டு பெடலு. பத்த வைக்கிறதுக்கு முன்னால அதப் பாத்தீகளா?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர் என்றுதான் நினைக்கிறேன்.

"இல்லம்மா. கவனிக்கல."

"கூட இருந்தவுக யாராவது?"

"டீலர்கூட்டம்மா அது. எம்புட்டு நேரம் பொறி வருதுன்னு கடிகாரத்தப் பாத்துட்டு இருந்தோம்." கொஞ்சம் நிறுத்தி, நல்லது செய்கிற குரலில் சொன்னார்: "விடும்மா. உனக்குக் கைத்திறம் இருக்கு. பிளாஸ்டிக் அச்சு எடுக்க இன்னொரு மாதிரி செஞ்சு குடு, கூலி பேசிக்கிடலாம். இந்த உள்வேலையெல்லாம் வேணாம். மேல்கூடு மட்டும் போதும்."

அவள் எழுந்துவிட்டாள். காபி அப்படியே இருந்தது. வெளியே வந்து பைக்கில் ஏறினாள். ஏறியபிறகு, "குனிஞ்சுகூடப் பாக்கலையே" என்றாள்.

அச்சை வெளியூர் ஆள் ஒருவர் படத்தைப் பார்த்துச் செய்து கொடுத்தார். மூன்று அங்குலத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு. சக்கரம் உருளாது, குழாய் எட்டுக்குப் பதில் ஒன்றே ஒன்று. அந்தச் சீசனில் நன்றாகவே விற்றது. ஆனி முதல் ஐப்பசிவரை அந்தப் பெட்டிகள் எங்களிடம்தான் ஓடின. வேறு மேஜைக்கு மாற்றச் சொல்லி இசைவாணி சூப்பர்வைசரிடம் ஒரு தடவை கேட்டாள். "எல்லா மேஜையிலயும் அதான் ஓடுது, தாயி" என்றார் அவர். அதுவும் உண்மைதான். தினமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை தன் கார் எரிகிற படத்தை மடித்து, பசை தடவி, அமுக்கி, அடுக்கினாள். பக்கத்துப் பெண்கள் கேலியை விட்டுவிட்டார்கள். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

என்னை அவள் திட்டவில்லை. ஆனால் அந்த ஆனி மாதத்திலிருந்து நான் அவளுக்கு அண்ணன் இல்லை. எதிரே பார்த்தால் ஒதுங்கி நின்று, "வணக்கம் சார்" என்பாள். மெஷின்மேன், வாட்ச்மேன், எல்லாரும் அவளுக்கு அண்ணன்தான். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"நான் என்னம்மா செஞ்சிருக்கணும்?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார். தடுத்திருக்க வேணாம். அதான் எரிஞ்சு முடிஞ்சிருச்சே. மேஜையில பெட்டியைப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுற நெலம எனக்கு வந்திருக்காது."

தீபாவளி கழிந்து முத்துக்கருப்பன் ஆன்லைனில் ஒரு கார் வரவழைத்தார். ஜப்பான் கம்பெனி, பெட்டிக்குள் முந்நூறு துண்டு, ஒட்டிச் சேர்க்க வேண்டியது. அவர் வருமானத்துக்கு அது பெரிய பொருள். பெட்டியை அவள்முன் வைத்துவிட்டு, ஏதாவது சொல்லுவாள் என்று நின்றதாக அவரே பிறகு என்னிடம் சொன்னார். அவள் மேலட்டையைப் படித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் அவுகளே செஞ்சு வச்சிருக்காக. நீங்களே ஒட்டிக்கிடுங்க" என்று சொல்லி, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அது பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. பிளேடுகளையும் பெயிண்ட் டப்பாக்களையும் ஒரு பையில் கட்டி, அவளே ஒரு நாள் அச்சகத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

இப்போதும் அதே பிரிவில்தான் இருக்கிறாள். முத்துக்கருப்பன் ஆலை ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வேனோடு சாயங்காலம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறார். நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் ஐந்து நிமிஷம் நிற்பார். அவள் அந்த வேனைச் சுற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டி, ஆமத்தூர் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் போய் நின்றுகொள்வாள்.