சரியான விடை பச்சை

அந்த ஆன்லைன் வகுப்பைத் திறந்தாலே எனக்குக் குமட்டும். ஆம்புலன்சில் வேலை செய்கிற எல்லாரும், டிரைவர் உட்பட, வருடத்துக்கு ஒருமுறை அதை முடித்தாக வேண்டும். பேரிடர் மருத்துவம் என்று பெரிய பெயர். வீடியோவை ஓட்டித் தள்ள முடியாது. கடைசியில் கேள்விகள் வரும். தேறாவிட்டால் பணி நீட்டிப்பு இல்லை.

அதில் ஒரு வீடியோ புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலை ஓரம் எடுத்தது. பஸ் கவிழ்ந்தால் யாரை முதலில் தூக்குவது என்பது பாடம். உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு அட்டை, சற்றுப் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், எழுந்து நடப்பவருக்குப் பச்சை. படம் எடுக்க வந்தவர்கள் சென்னைக்காரர்கள். நான் மருத்துவ உதவியாளராகப் போகும் ஆம்புலன்சையும் இன்னொரு வண்டியையும் காட்சிக்காக வரவழைத்திருந்தார்கள். அடிபட்டவர்களாக நடிக்க ஆள் போதவில்லை என்று என் வண்டி டிரைவர் அண்ணனையும் ரோட்டோரம் உட்கார வைத்தார்கள். கையில் கட்டு, நெற்றியில் தேங்காய் எண்ணெயில் குழைத்த குங்குமம், கழுத்தில் பச்சை அட்டை.

சித்திரை வெயில். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். குங்குமத்தில் ஈ மொய்த்தது. அண்ணன் தண்ணீர் கேட்டார்.

"மேக்கப் கலைஞ்சிடும், கொஞ்சம் பொறுங்க" என்றார் இயக்குநர், குடைக்கடியில் இளநீர் குடித்துக்கொண்டே. அவர் உறிஞ்சிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. த்தூ.

மற்றவர்கள் அம்மா, ஐயோ என்று அலற, அண்ணன் மட்டும் சத்தமில்லாமல் ஒருபக்கமாகச் சாய்ந்தார். "பச்சை அட்டை! ஓவரா நடிக்காதீங்க!" என்று மைக்கில் திட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். நான் ஓடிப்போய்த் தொட்டேன். உடம்பு அடுப்பாகக் கொதித்தது, பொட்டு வியர்வை இல்லை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றினோம். "மேடம், ஷாட் போயிட்டிருக்கு" என்று இயக்குநர் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றார்.

ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த பக்கத்து வண்டி டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "நவுந்துக்கங்க. இல்லீன்னா மேல ஏத்திப்போட்டுப் போயிருவேன்."

ஆஸ்பத்திரி போகிறவரை அண்ணன் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனேன். மாதா புண்ணியத்தில் பிழைத்தார். ஆனால் இப்போதெல்லாம் கொஞ்சநேரம் வெயிலில் நின்றாலே தலை சுற்றுகிறது என்கிறார். அந்தக் கும்பலிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

வீடியோ மட்டும் வந்துசேர்ந்தது. அவர் சாய்ந்ததை வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, தத்ரூபமாக இருக்கிறதென்று அதையே வைத்திருந்தார்கள். செத்துக்கொண்டிருந்த முகத்தில் படத்தை நிறுத்தி ஒரு கேள்வி வேறு: இவருக்கு எந்த அட்டை?

அஸ்தம்பட்டியில் வண்டியை நிழலில் போட்டுவிட்டு அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் அதைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இது நானுங்களா?"

"ஆமாங்கண்ணா."

சிவப்பை அமுக்கினார். தவறு, சரியான விடை பச்சை என்று வந்தது. முதலிலிருந்து பார்க்கச் சொன்னது. முழுக்கப் பார்த்தார். மறுபடியும் சிவப்பு. மறுபடியும் தவறு.

"பச்சையவே அமுக்கீருங்கண்ணா. வேலை போயிருமுங்க" என்றேன். அதைச் சொன்ன என் வாயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அதெப்படி அம்மிணி? இந்தாள உட்டுப்போட்டுப் போனா செத்துப்போயிருவானே" என்று சொல்லி, வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.