சத்தம் இல்லை என்று எழுதிய மூன்று மனுக்கள்

பிளானிங் அம்மா பில்டர் கையில் காசு வாங்கிவிட்டார்களாம் என்ற பேச்சு, அந்தப் பிளானிங் அம்மாவான தேன்மொழியின் காதுக்கு நேராக வரவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் யாரோ சொன்னதைப் பால் பூத்துக்காரர் சுரேஷ்பாபுவிடம் சொல்லியிருக்கிறார். சுரேஷ்பாபு அவள் வேலை செய்யும் வார்டு ஆபீசிலேயே துப்புரவைப் பார்ப்பவன். மூன்று நாள் வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்துவிட்டு, நான்காம் நாள் டீ குடிக்கும்போது சொன்னான்.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. நான் நம்பல. ஆனா ஊரு பேசிக்கினு இருக்குது."

"என்னான்னு?"

"மூணு மனு குடுத்தும் மூணுலயும் சத்தமே இல்லன்னு எழுதினா, பின்ன என்னான்னு பேசுவாங்க?"

தேன்மொழிக்குத் திருப்பதியில் ஒரு வார்டு சச்சிவாலயத்தில், ஆந்திராவில் வார்டு ஆபீசுக்கு அதுதான் பேர், பிளானிங் வேலை. வீடு கட்டுகிறவர்கள் பிளானை மீறினால் எழுத வேண்டும், ரோட்டில் ஜல்லி கொட்டினால் கேட்க வேண்டும், கட்டட வேலையின் சத்தம் தாங்கவில்லை என்று மனு வந்தால் போய்ப் பார்க்க வேண்டும். சத்தத்துக்கு விதி இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் ஐம்பத்தைந்து டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை நாற்பத்தைந்து. இரவுச் சத்தம் என்றால் போலீஸ் பார்த்துக்கொள்ளும். அளக்கும் கருவி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. கடிதம் எழுதி அது வந்து சேர்வதற்குள் கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்துப் பால் காய்ச்சிவிடுவார்கள். தேன்மொழியிடம் இருந்தது போனில் ஓர் இலவச ஆப், அப்புறம் அவளுடைய காது. அந்த ஆப்பை ஆபீசில் யாரும் மதிப்பதில்லை. தும்மினால்கூட எழுபது காட்டும் என்பார்கள். அவளும் காதைத்தான் நம்பினாள்.

மனுக்கள் மூன்றும் மணியம்மா கொடுத்தவை. பாலசமுத்திரம் பக்கத்துக்காரி. கணவர் கன்னையாவுக்குத் தலையில் ஆபரேஷன் ஆகி, மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததால் திருப்பதியிலேயே வாடகைக்கு வந்திருந்தார்கள். எதிரே நான்கு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. தேன்மொழி மூன்று முறை போனாள், எதிர்க் கட்டடத்தை ஒரு நடை நின்று பார்த்தாள், மணியம்மா வீட்டு முன்னறையில் உட்கார்ந்தாள், ஏதோ தூரத்தில் மாவு மில் ஓடுவது மாதிரி இருந்தது, திரும்பி வந்து 'ஆட்சேபிக்கும் அளவில் சத்தம் இல்லை' என்று எழுதி மனுவை முடித்தாள். ஒரு முறை ஆப் எழுபத்தெட்டு காட்டியது. போனைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

மணியம்மா விடவில்லை. திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதன் பலனாக மேலதிகாரியிடமிருந்து தேன்மொழிக்கு மெமோ வந்தது: எதன் அடிப்படையில் மூன்று மனுக்களையும் முடித்தீர்கள், வெள்ளிக்கிழமை மாலைக்குள் சஞ்சாயிஷி, அதாவது எழுத்தில் விளக்கம், தரவும். சஞ்சாயிஷி திருப்தியாக இல்லையென்றால் விசாரணை. ஊர்ப்பேச்சும் அந்த விசாரணைக்குள் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை சாட்சிக்கு ஆள் இருக்கட்டும் என்று சுரேஷ்பாபுவையும் கூட்டிக்கொண்டு நான்காம் முறையாகப் போனாள்.

மணியம்மா நாற்காலி போடவில்லை. "வாங்க. பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னு எழுதிக்கினு போங்க" என்றாள்.

உள்ளே கட்டிலில் கன்னையா கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் கஞ்சி ஆடை கட்டிக் கிடந்தது.

"அது ஓடறப்ப ஒரு வாய் துன்ன மாட்றாரு. காதைப் பொத்திக்கினு பல்லைக் கடிச்சிக்கினு கெடப்பாரு. நீங்க வேணும்னா ஒரு நாளைக்கு இங்க வந்து குந்துங்க."

"இப்ப ஓடலையேம்மா" என்றாள் தேன்மொழி.

மணியம்மா சுரேஷ்பாபுவைப் பார்த்தாள். தேன்மொழியும் திரும்பிப் பார்த்தாள். அவன் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு நின்றிருந்தான். கட்டிலில் கன்னையாவின் கைகள் காதுக்குப் போயிருந்தன.

ஜன்னலருகே போனாள். எதிர்க் கட்டடத்து வாசலில் ஒருவன் குனிந்து கிரானைட் பலகையை அறுத்துக்கொண்டிருந்தான். வெள்ளையாகத் தூசி எழும்பியது. கட்டர் சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது. காதில் அந்த மாவு மில்தான்.

"சுரேஷ், எத்தன வாட்டி ஓடுது, எத்தன வாட்டி நிக்குதுன்னு எண்ணு. நானும் எண்றேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஐந்து நிமிடம் கழித்து அவன் சொன்னான்: "ஏழு வாட்டி அக்கா."

"எனக்கு ரெண்டுதான் ஆச்சு" என்றாள் அவள்.

"அந்த ரெண்டும் புல்லட் வண்டி போச்சே, அதுங்க" என்றாள் மணியம்மா. குரலில் இருந்த காரம் குறைந்திருந்தது. "என்னாம்மா உனுக்கு?"

நகரியில் தேன்மொழியின் வீட்டோடு ஒட்டினாற்போல் தறிக் கொட்டகை. எட்டுப் பவர்லூம். அவள் அ, ஆ எழுதியதும் தெலுங்கு வாய்ப்பாடு மனப்பாடம் பண்ணியதும் டிகிரிக்குப் படித்ததும் அந்தத் தறிகளுக்கு நடுவில்தான். வீட்டில் எல்லோரும் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார்கள், கத்தித்தான் பதில் சொல்வார்கள். வெளியூர்க்காரர்களுக்கு வாய்க்குள்ளேயே பேசும் பழக்கம் என்று அவளுடைய நைனா சொல்வார். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆபீசில் அவளுக்கு மைக் என்று பட்டப்பெயர். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அது ஒரு குறை என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கனத்த சத்தமெல்லாம் கேட்கிறதே, வண்டி கேட்கிறது, மோட்டார் கேட்கிறது. கிரீச்சென்று மேலே போகிற சத்தம் மட்டும் வரவில்லை என்பதை, வராத சத்தத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

ரோட்டைக் கடந்து எதிரே போனார்கள். மேஸ்திரி தணிகைவேல் கும்பிட்டான்.

"கட்டரை ஏன் வாசல்ல போட்டிருக்கே? பின்னால போட்டுத் தடுப்பு கட்ட வேண்டியதுதானே?"

"மொதல்ல பின்னாலதான் மேடம் இருந்துச்சு. நீங்க மூணு வாட்டி வந்தீங்க, நின்னு பாத்தீங்க, ஒண்ணும் சொல்லலை. மேடத்துக்கு ஒண்ணும் தடையில்லன்னு ஓனர்தான் முன்னால கொண்டாரச் சொன்னாரு. லோடு எறக்க வசதி."

"நான் போடுன்னு சொன்னேனா?"

"வேணாம்னும் சொல்லலையே. மத்த ஆபீசருங்க வந்தா காதைப் பொத்திக்கினுதான் திட்டுவாங்க. நீங்க கட்டருக்குப் பக்கத்துலயே நின்னுக்கினு போன்ல பேசினீங்க. பசங்க எல்லாம் உங்களைத் தங்கமான மேடம்பாங்க."

சுரேஷ்பாபுவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

அங்கேயே நின்று நோட்டீஸ் எழுதினாள். கட்டர் பின்பக்கம் போக வேண்டும், சுற்றித் தடுப்பு வேண்டும், அதுவரை அறுக்கக் கூடாது. தணிகைவேல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓனருக்குப் போன் பண்ணப் போனான். வாரியத்துக் கருவி கேட்டுக் கடிதமும் அன்றே அனுப்பினாள்.

மிச்சம் இருந்தது சஞ்சாயிஷி.

"ரொம்ப யோசிக்காதீங்க அக்கா" என்றான் சுரேஷ்பாபு. "நான் போன நேரத்துல மெஷின் ஓடலன்னு ஒரு வரி எழுதுங்க. எல்லாரும் அதான் எழுதுவாங்க. சாரும் பைலை மூடிடுவாரு."

"மெஷின் ஓடிச்சே."

"ஓடிச்சின்னு யாருக்குத் தெரியும்?"

"மணியம்மாவுக்குத் தெரியும். அவங்க மனு பொய்யின்னு ஆயிடும்."

"காது கேக்கலன்னு எழுதினா மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவாங்க. அப்புறம் இந்த சீட்டுல வெப்பாங்களா, வேலையே இருக்குமான்னு எனக்குத் தெரியாது. எதுக்கும் தெரிஞ்சவங்களைக் கேளுங்க."

கேட்க அவளுக்கு யாரும் இல்லை. வீட்டில் முதல் சர்க்கார் உத்தியோகம் அவளுடையது. தறி கூலியில் படித்து வந்த வேலை. ஓடவில்லை என்று எழுதினால் வேலை நிலைக்கும், காசு வாங்கினாள் என்ற பேச்சும் நிலைக்கும், இனி எங்கே போய் நின்றாலும் காதைக் காட்டாமல் ஆப்பைக் காட்டி ஒப்பேற்றலாம். கேட்கவில்லை என்று எழுதினால் பேச்சு போய்விடும். கூடவே வேலையும் போகுமா என்பதுதான் தெரியவில்லை.

தெலுங்கில்தான் எழுத வேண்டும். மூன்று முறையும் மெஷின் ஓடியது, எனக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை என்பது இன்று காலைதான் எனக்குத் தெரிந்தது, மூன்று மனுக்களையும் மறுபடி திறக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், காதைப் பரிசோதித்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். நான்கே வரி. சுரேஷ்பாபு எட்டிப் படித்துவிட்டுத் தன் மேசைக்குப் போனான்.

மணி நான்கே முக்கால். கொடுத்தனுப்பிய காகிதம் போய்ச் சேருவதற்கு முன்னால், மெமோ போட்ட மேலதிகாரிக்குத் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று தேன்மொழிக்குத் தோன்றியது. எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனை மேசைமேல் மல்லாத்தினாள். மணி அடித்து ஓய்ந்தது. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி போட்டாள். என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.