ஆடு தின்னாத செடி

அந்தத் தொட்டித் தண்ணீரில் கையை விட்டால் குளிர் தோலில் தெரியாது, நேராக எலும்பில்தான் தெரியும். விரல்கள் விறைத்துப்போய், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திறந்த சட்டையோடு பள்ளிக்கூட லோரிக்கு ஓடியிருக்கிறேன். எழுபதுகளின் கடைசி அது. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தகரக் கூரை போட்ட லயத்து வரிசை வீடு ஒன்றில், அடுப்புக்கும் நாங்கள் படுக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தொட்டியும் அதில் ஒரு தங்க மீனும் இருந்தன என்று சொன்னால் இன்று யாரும் எளிதில் நம்புவதில்லை.

தொட்டி பங்களாவிலிருந்து வந்தது. தோட்ட மேனேஜரான பழைய துரை ஊருக்குப் போய்விட, புதிதாக வந்தவர் அதைப் பின்கொட்டகையில் போட்டிருந்தார்; என் அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பா எஸ்டேட் லோரியில் "கெலிண்டான்", அதாவது டிரைவரோடு கூடப்போய்ச் சுமை ஏற்றி இறக்குகிறவர். மலையடிவாரத்துத் தாப்பாவுக்குப் போன ஒரு நாள் பிளாஸ்டிக் பையில் தண்ணீர் கட்டி அந்த மீனைக் கொண்டுவந்தார். வாயை ஓயாமல் அசைத்துக்கொண்டு, மூலைக்கு மூலை போய் எதையோ சரிபார்ப்பதுபோல அது சுற்றியதால் அதற்கும் "துரை" என்றே பேர் வைத்தார். பக்கத்து வீட்டு முனியாண்டி மாமா வாசலில் நின்று எட்டிப்பார்ப்பார். "என்னா மச்சான், துரை ரவுண்டு முடிச்சிட்டாரா? நாளைக்கு நமக்கு வேலை இருக்கான்னு கேட்டுச் சொல்லு."

அப்பாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கங்காணியோடு ஒரு வாய்த்தகராறு போதும், சில நாளில் எங்கள் பானை சட்டியெல்லாம் ஏதாவது ஒரு லோரியின்மேல் இருக்கும். வகுப்புக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று நான் படித்தேன், அல்லது படிக்காமல் விட்டேன்; எனக்கு அது பெரிய குறையாகவும் தெரியவில்லை. அக்கா மல்லிகா அப்படியில்லை. எப்படியோ இடைநிலைப் பள்ளிவரை ஏறிவிட்டாள். அந்த வருடக் கடைசியில் அவளுக்கு மூன்றாம் படிவச் சோதனை, அதாவது அரசாங்கப் பரீட்சை, இருந்தது. அதற்குள் இன்னொரு தடவை லோரி ஏறினால் படிப்பு அதோடு சரி என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே மழை வருமா என்று மலையைப் பார்ப்பதுபோல அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்படிப் பார்த்ததில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மீன் வந்தபின் அப்பா அன்றன்றைய வேலை முடிந்ததும் டவுனுக்குப் போகாமல் தொட்டிக்கு முன்னால் குந்திக்கொள்கிறார். மீன் துறுதுறுவென்று இருந்தால் அவர் பேச்சும் நன்றாக இருக்கிறது. தண்ணீர் கலங்கி மீன் மூலையில் ஒடுங்கிவிட்டால், "இந்த எடம் நமக்குச் சரிப்படாதுலா" என்று தொடங்கிவிடுகிறார்.

"துரை நல்லா இருந்தாத்தான்டா அப்பா இங்க இருப்பாரு" என்றாள் அக்கா என்னிடம். "அதுக்குச் செடி வேணும். செடி இருந்தா தண்ணி கெடாது, அதுக்கும் ஒதுங்க எடம் இருக்கும்." இவ்வளவும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எந்தச் செடி என்பதைச் சொல்லவில்லை.

அந்தச் சில மாதங்கள் எங்கள் கால் தரையில் நிற்கவில்லை. கீழே தாப்பாவிலிருந்து அப்பாவே கொண்டுவந்த கங்கோங் கீரைக்கொடி எங்கள் குளிர் ஒத்துக்கொள்ளாமல் சளிபோலக் கரைந்து நாறியது. குளிருக்குப் பழகிய செடியாக இருக்கட்டும் என்று, சீனர் தோட்டத்தில் ஓடும் தண்ணீரில் வளரும் "செலாடா ஆயர்" கீரையைக் கேட்டு வாங்கி வந்தோம். காலையில் பார்த்தால் வெறும் தண்டுதான் நின்றது. துரை வயிறு புடைக்கத் தின்றுவிட்டு மெதுவாக நீந்திக்கொண்டிருந்தார். மறுபடியும் ஒரு கட்டு வாங்கி வந்தோம். அந்தப் பாத்திக்கு முந்தின நாள்தான் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாது. மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "கோலா தெர்லாவுல ஒருத்தன் லோரி வச்சிருக்கான், கேட்டுப் பாக்கணும்" என்றார். அக்கா வாளியை எடுத்தாள். தண்ணீரை மாற்ற அருவிக்கும் வீட்டுக்குமாக நாங்கள் இருவரும் நடந்த நடையில் என் செருப்பு வார் அறுந்தது. பொழுது சாயும் நேரத்தில் மீன் நிமிர்ந்தது. அப்பாவும் லோரிப் பேச்சை விட்டார்.

அடுத்த நாள் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. முனியாண்டி மாமாவிடம் ஒரு வெள்ளாடு இருந்தது. காயப்போட்ட பாவாடையைக்கூட விடாத ஆடு. "ஆடு திங்காததைத் துரையும் திங்காது" என்று சொல்லி, பார்த்த செடியையெல்லாம் பறித்து முதலில் ஆட்டுக்கு நீட்டினாள். வாய்க்கால் புல்லைத் தின்றது. ஓடைப் பாசியையும் தின்றது. "என் ஆட்டுக்கு ஓசியில விருந்து வைக்குறியாம்மா? தெனமும் வாலா" என்று மாமா சிரித்தார்.

கடைசியில், அம்மா துணி துவைக்கும் அருவியில், வெயில் படாத பாறையை ஒட்டி ஒரு செடி கிடைத்தது. தோல்போலத் தடித்த நீண்ட இலை, கரும்பச்சை நிறம். பெரணி வகை என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது; அன்றைக்குப் பேர் தெரியாது. ஆடு ஒரு கடி கடித்தது, தலையை உதறியது, துப்பிவிட்டு எங்களைக் கெட்ட பார்வை பார்த்தது. அக்கா அந்த ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு நாற்று மேடையில் வேலை. தேயிலைக் குச்சியை மண்ணில் ஆழ இறக்கி, கட்டை விரலால் சுற்றி அழுத்தி நிறுத்துகிற கை அது. அம்மா வைத்த குச்சி சாய்ந்ததில்லை என்று கங்காணியே சொல்வார். அம்மா அதே கையால், தொட்டியின் அடியில் மண்ணும் மணலும் சில கற்களும் போட்டு, பெரணியின் தண்டை ஆழப் புதைத்து அழுத்திவைத்தார். செடி அழகாக நின்றது. துரை அதைக் கடிக்கவும் இல்லை, அவரால் பிடுங்கவும் முடியவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அடித்தண்டு கறுத்து இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. தண்ணீர் மறுபடி கலங்கியது. அப்பா வாசலுக்கும் தொட்டிக்குமாக நடக்கத் தொடங்கினார்.

அக்காதான் பார்த்தாள்: நடும்போது ஒடிந்து, கல்லிடுக்கில் தானாகப் போய்ச் சிக்கிய ஒரு துண்டு மட்டும் பச்சையாக இருந்தது, அதன் இலை நுனியில் குட்டிச் செடி ஒன்று முளைவிட்டிருந்தது. சாக்குத் தைக்கும் நூலால் அந்தத் துண்டை ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டினாள்.

"மண்ணு இல்லாம எப்பிடிடி பொழைக்கும்?" என்றார் அம்மா.

"பாறையில மண்ணா இருந்திச்சி?" என்றாள் அக்கா.

அது பிழைத்தது. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. இலைகளுக்குள் புகுந்து புகுந்து துரை வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு அப்பா சாப்பாட்டுத் தட்டோடு தொட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் புத்தகத்தை விரித்துக்கொள்வாள். சோதனைக்கு இன்னும் கொஞ்ச வாரங்கள்தான் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரி வந்து நின்றது. கங்காணியோடு என்ன நடந்தது என்று அப்பா சொல்லவில்லை. மலைக்குக் கீழே பீடோர் பக்கம் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் வேலை என்று மட்டும் சொன்னார். அக்கா தொட்டியைக் காட்டினாள். "இதை எப்பிடிப்பா கொண்டு போவீங்க? துரை செத்துருவாரு."

அப்பா தொட்டியைக் குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "வேரு எங்கயும் பிடிக்கலியேம்மா, கல்லோட தூக்கிக்கலாம்" என்றவர், பெரிய பிஸ்கட் தகரத்தில் தண்ணீரை நிரப்பி, கல்லையும் செடியையும் அதில் இறக்கி, மீனையும் விட்டார். தொட்டி இனித் தேவையே இல்லை என்பதுபோல அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா அழவில்லை. தகரத்துக்குள் கையை விட்டு, கொழுந்து கிள்ளுவதுபோல நகத்தால் அந்தத் தண்டில் பாதியைக் கிள்ளி எடுத்துக்கொண்டு, "நான் வரல" என்றாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். "இருக்கட்டும். சோதனை முடியறவரைக்கும் முனியாண்டி அண்ணன் வீட்டுல படுத்துக்குவா" என்றார் அம்மா, பானையைக் கட்டிக்கொண்டே. எங்கள் வீட்டில் அப்பாவின் பேச்சுக்குமேல் அம்மா பேசி நான் கேட்டது அன்றுதான். நான் லோரியில் ஏறித் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பீடோர் வெக்கையில் துரை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. செடி தாங்கியது, அதற்கடுத்த மாற்றலில் எந்த வீட்டுப் பின்புறத்தில் அந்தக் கல் கிடந்துபோனதோ தெரியாது. நான் அதன்பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. லோரி, மீன்பிடிப் படகு, கட்டட வேலை, சிங்கப்பூர் என்று போய்க்கொண்டே இருந்துவிட்டேன். அக்கா தேறினாள், மலையிலேயே பிரிஞ்சாங்கில் ஓர் ஆபீசில் வேலை பார்த்து, அங்கேயே வீடும் கட்டினாள்.

போன வருடம் மலைக்குப் போயிருந்தேன். லயம் இருந்த இடம் புதராகிவிட்டது. அருவிக்கு மேலே மலையைச் சீவிப் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். தண்ணீர் செம்மண் குழம்பாக ஓடுகிறது. அந்தப் பாறை மண்ணுக்குள் எங்கேயோ இருக்கிறது. பெரணி அக்கா வீட்டுத் தொட்டியில்தான் இருக்கிறது, கல்லே தெரியாத அளவுக்கு அடர்ந்து.

கொஞ்சம் கேட்டேன். அதே நகம், அதே கிள்ளு. கையில் வைத்துக்கொண்டே, "எங்கடா வைப்ப?" என்றாள். பிறகு அவளே ஒரு சின்னக் கல்லில் கட்டிக் கொடுத்தாள்.

இப்போது நான் தங்கியிருக்கும் வாடகை அறையின் ஜன்னலில், ஊறுகாய்ப் புட்டியில் இருக்கிறது. மீன் வாங்கவில்லை. ஜொகூரில் ஒரு வேலை இருப்பதாகச் சொல்கிறார்கள். கல்லோடு தூக்கிக்கொள்ளலாம்.